பரிமாற்ற விசாவும் பதில் சொல்லாத ஜன்னலும்



நம் இதழில் ரேஷன் கார்டு பற்றி எழுதியிருக்கிறோம். சாதிச் சான்றிதழ் பற்றியும், தமிழ்வழிப் பள்ளிகளில் காலியாகக் கிடக்கும் ஆசிரியர் இடங்கள் பற்றியும், சாலைக் கடைத்தெருவில் சுமை தூக்குவோர் கூலி பற்றியும் எழுதியிருக்கிறோம். இந்த மாதம் அமெரிக்காவுக்கு வருகைதரு ஆய்வாளராகப் போகிறவர்களின் விசாவைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் ஒரு தோழர் சிரித்தார். "அது மேல்மாடிக்காரர் விவகாரம், நமக்கு எதற்கு ஐயா?" என்றார்.

சிரிக்கட்டும். மேல்மாடிக்குப் போகும் படிக்கட்டில் இன்று யார் நிற்கிறார்கள் என்பதை அவர் பார்க்கவில்லை. காரியவட்டம் வளாகத்தில் ஆராய்ச்சி செய்யும் நம் பிள்ளைகள் யார்? கரமனையில் இட்லிக் கடை போட்டுப் பிழைத்தவர் மகள், சாலையில் பாத்திரக் கடைக்குக் கணக்கு எழுதியவர் மகன், நாகர்கோவில் பாசஞ்சரில் வந்து போய் வேலை செய்த கொத்தனாரின் பேத்தி. பிழைப்புக்காக எல்லை தாண்டி வந்தவர்களின் பிள்ளைகள், படிப்புக்காக இன்னொரு எல்லையைத் தாண்டப் பார்க்கிறார்கள். களியக்காவிளையிலும் ஆரியங்காவிலும் நம் அப்பன்மார் பட்ட பாட்டைப் பேசுகிற நாம், ஜெமினி மேம்பாலத்தருகே பிள்ளைகள் படும் பாட்டைப் பேசாமல் இருப்பது எந்த நியாயம்?

விசாவின் பெயர் ஜே-1. 'பரிமாற்ற வருகையாளர்' விசா என்பது அதன் பொருள். 1961-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டத்தின் தலைப்பிலேயே 'பரஸ்பரம்' என்ற சொல் இருக்கிறது: பரஸ்பரக் கல்வி, பண்பாட்டுப் பரிமாற்றச் சட்டம். அதற்கும் முன்னால் 1946-இல் செனட்டர் ஃபுல்பிரைட் ஒரு சட்டம் கொண்டு வந்தார். போர் முடிந்து வெளிநாடுகளில் மிஞ்சிக் கிடந்த ராணுவத் தளவாடங்களை விற்ற பணத்தில் அறிஞர்களை அனுப்பவும் வரவழைக்கவும் அது வழி செய்தது. 1950 பிப்ரவரி 2-ஆம் தேதி இந்தியாவும் அதற்கான உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. 2008-இல் இந்தியாவும் செலவில் சமபங்கு ஏற்கச் சம்மதித்தபோது ஃபுல்பிரைட் பெயரோடு நேருவின் பெயரும் சேர்ந்தது. பரஸ்பரம் என்றால் கொடுக்கல் வாங்கல். தராசின் இரண்டு தட்டும் சமம். காகிதத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. காகிதத்தை விட்டு ஜன்னலுக்கு வாருங்கள்.

காரியவட்டத்தில் மொழியியலில் டாக்டர் பட்டம் முடித்த ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர் அவளுடைய கட்டுரையைப் படித்துவிட்டு, எங்கள் துறையில் ஆறு மாதம் வந்திருந்து வேலை செய் என்று அழைக்கிறார். கடிதம் வந்த அன்றே வீட்டில் பாயசம் வைத்துவிடுவார்கள். ஆனால் கடிதம் விசா அல்ல. அந்தப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டார் அலுவலகம் டி.எஸ். 2019 என்ற படிவத்தைத் தர வேண்டும். பழைய பேராசிரியர்கள் இதையே ஐ.ஏ.பி. 66 என்பார்கள். அதற்கு முன்னால் பாஸ்போர்ட் நகல், பட்டச் சான்று, ஆங்கிலம் தெரியும் என்பதற்கு ஆதாரம், அங்கே தங்கவும் சாப்பிடவும் பணம் எங்கிருந்து வரும் என்பதற்குக் கணக்கு எல்லாம் அனுப்ப வேண்டும். படிவம் வந்தபின் 'செவிஸ்' என்ற கண்காணிப்புக் கணக்கில் அவள் பெயர் ஏறியதற்கான கட்டணம் 220 டாலர். இது 2019-இல் வைத்தது. பிறகு டி.எஸ். 160 என்ற நீண்ட மனுவைக் கம்ப்யூட்டரில் நிரப்பி விசாக் கட்டணம் கட்ட வேண்டும். 160 டாலராக இருந்ததை 2023 ஜூனில் 185 ஆக்கினார்கள். இரண்டும் சேர்ந்து 405 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தாலே 34,425 ரூபாய். யு.ஜி.சி.யின் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000. ஒரு மாத உதவித்தொகை அப்படியே ஜன்னலுக்குப் போய்விடுகிறது. உதவித்தொகை கிடைக்காமல் ஆராய்ச்சி செய்தவளுக்கு எத்தனை மாதப் பணம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். போதாததற்கு 2025 ஜூலையில் அமெரிக்காவில் கையெழுத்தான புதிய சட்டம், விசா பெறுகிறவரிடம் இன்னும் 250 டாலர் வசூலிக்க வழி வகுத்திருக்கிறது. அதற்கு வைத்த பெயர் 'நேர்மைக் கட்டணம்'! யாருடைய நேர்மைக்கு யார் கட்டணம் கட்டுவது?

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். அமெரிக்க அரசின் பணத்தில் ஃபுல்பிரைட்டாகப் போகிறவருக்கு இந்த 220-ம் கிடையாது, 185-ம் கிடையாது. யாருக்குப் பக்கபலம் இருக்கிறதோ அவருக்கு இலவசம். வெறும் அழைப்புக் கடிதத்தோடு சொந்தக் காசில் போகிறவளுக்கு முழுக் கட்டணம்.

ரயில்வேயில் வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் உறுதியாகாவிட்டால் கிளார்க்கேஜ் பிடித்துக்கொண்டு மிச்சப் பணத்தைத் திருப்பித் தருகிறோம். அதிலும் எங்களை வைகிறவர்கள் உண்டு, வையட்டும், வாங்கிக்கொள்கிறோம். இங்கே விசா மறுக்கப்பட்டால் ஒரு காசு திரும்பாது. மறுபடி மனுப் போட்டால் மறுபடி 185.

பணத்தை விடுங்கள், பெயருக்கு வருவோம். தமிழனுக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும், பாஸ்போர்ட்டில் அந்த எழுத்தின் விரிவு, டாக்டர் பட்டத்தில் மறுபடி எழுத்து. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால், அமெரிக்க மனுவில் அவளுடைய சொந்தப் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குத் தள்ளப்படும். சொந்தப் பெயர்க் கட்டத்தில் எஃப்.என்.யூ. என்று மூன்று எழுத்து விழும். அதற்கு 'முதற்பெயர் தெரியவில்லை' என்று அர்த்தம். பெற்று வளர்த்துப் பெயர் வைத்த தாய் எதிரில் நிற்க, பெயர் தெரியவில்லையாம்! அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டவளை அங்கே போனதும் அப்பன் பெயரைச் சொல்லித்தான் எல்லாரும் கூப்பிடுவார்கள். இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் அல்ல. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் ஏற்க மாட்டோம் என்று அறிவித்தபோது, துபாய்க்குப் புறப்பட இருந்த நம்மவர்கள் எப்படித் தவித்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். கூலிக்குப் போகிறவனுக்கும் கல்விக்குப் போகிறவளுக்கும் ஒரே கட்டத்தில்தான் கால் தடுக்குகிறது.

இனி நேர்காணல். கேரளத்துக்காரர்களுக்கு உரிய இடம் சென்னைத் துணைத் தூதரகம். கைரேகைக்கு ஒரு நாள், நேர்காணலுக்கு ஒரு நாள். இங்கிருந்து மெயிலில் போனால் சுமார் 900 கிலோமீட்டர். வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் நிறைந்த மாநிலம் இது. ஆனால் அமெரிக்க விசாவுக்குக் கைரேகை எடுக்கும் நிலையம் ஒன்று திருவனந்தபுரத்திலோ கொச்சியிலோ கிடையாது. லாட்ஜ் வாடகை, சாப்பாடு, துணைக்கு வரும் அப்பாவின் இரண்டு நாள் கூலி எல்லாம் யாரும் போடாத கணக்கு.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சில நிமிடங்கள் கேள்வி கேட்பார். அவர் கையில் இருக்கும் ஆயுதம் 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 214(பி) பிரிவு. அந்தப் பிரிவு சொல்வது இதுதான்: வருகிற ஒவ்வொருவனும் அமெரிக்காவிலேயே தங்கிவிட வருகிறவன் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று அதிகாரிக்குத் திருப்தி வரும்படி நிரூபிப்பது வருகிறவன் பொறுப்பு. திருடன் என்று வைத்துக்கொண்டு, திருடவில்லை என்று நீயே நிரூபி என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

எதைக் கொண்டு நிரூபிப்பது? ஊரில் வேர் இருக்க வேண்டும். நிலம், வீடு, நிலையான உத்தியோகம், குடும்பம். இங்கேதான், தோழர்களே, இந்த விஷயம் நம் சங்கத்தின் விஷயமாகிறது. புலம்பெயர்ந்தவன் பிள்ளைக்கு எது வேர்? அப்பாவின் ஊர் சங்கரன்கோவில். அங்கே இருந்த அரை ஏக்கர் பெரியப்பா பெயரில் இருக்கிறது. பிறந்தது தைக்காடு ஆஸ்பத்திரியில். வளர்ந்தது வலியசாலையில் வாடகை வீட்டில். பாஸ்போர்ட்டில் ஒரு முகவரி, ஆதாரில் இன்னொன்று. இங்கே அவளைப் பாண்டி என்பார்கள், அங்கே போனால் மலையாளத்தாள் என்பார்கள். இரண்டு ஊர் உள்ளவளுக்கு ஓர் ஊரும் இல்லை என்று முடிவு கட்டுவது ஜன்னலுக்கு எளிது. பத்து ஏக்கர் ரப்பர் தோட்டமும் இரண்டு வாடகைக் கட்டடமும் உள்ளவர் வீட்டுப் பிள்ளைக்கு வேர் ஆழமாகத் தெரிகிறது. சட்டத்தில் சொத்து என்ற வார்த்தை இருக்க வேண்டியதில்லை. பலன் அப்படித்தான் முடிகிறது.

திருப்தி இல்லை என்றால் அச்சடித்த ஒரு தாளைக் கொடுப்பார்கள். அதில் பிரிவு எண் இருக்கும். அவள் சொன்ன எந்தப் பதில் குறைந்தது, எந்தக் காகிதம் போதவில்லை என்பது இருக்காது. மேல்முறையீடு கிடையாது.

நான் ரயில்வே குமாஸ்தா. எனக்குத் தெரிந்த சட்டத்தைக் கொண்டு இதை அளக்கிறேன். ரயில்வே ஊழியர் ஒழுங்கு, மேல்முறையீட்டு விதிகள் 1968-இல் வந்தவை. பெரிய தண்டனைக்கு எஸ்.எஃப். 5, சின்ன தண்டனைக்கு எஸ்.எஃப். 11. சார்ஜ் மெமோவில் குற்றம் என்ன என்று எழுதித் தர வேண்டும். பதில் எழுத அவகாசம் உண்டு. தண்டனை வந்தால் 45 நாளுக்குள் மேல்முறையீடு. இதே விதிகளில் ஒரு கறுப்பு விதியும் உண்டு: விசாரணை இல்லாமலே வேலையை விட்டு நீக்கும் 14(2). 1974 மே 8 முதல் 27 வரை நடந்த மாபெரும் வேலைநிறுத்தத்தில் எத்தனையோ தோழர்கள் மீது பாய்ந்தது அது. அது நான் பிறப்பதற்கு முந்திய காலம். ஆனால் அதில் அடிபட்டவர்களிடம்தான் சங்க வேலை கற்றுக்கொண்டேன். 1985-இல் துளசிராம் படேல் வழக்கில் உச்சநீதிமன்றம் அந்த அதிகாரம் செல்லும் என்றபோது தொழிலாளி வர்க்கமே கொதித்தது. அந்த 14(2) கூட, விசாரணை ஏன் முடியாது என்பதற்கான காரணத்தை எழுத்தில் பதியச் சொல்கிறது. அதற்குப் பின்னும் மேல்முறையீடு உண்டு. நாம் கறுப்பு விதி என்று கொடி பிடித்ததில் இருக்கிற அளவு நியாயம்கூட 214(பி)-யில் கிடையாது.

அமெரிக்கக் கோர்ட்டுக்குப் போகலாமே என்பீர்கள். போய்ப் பார்த்தார்கள். எர்னஸ்ட் மாண்டல் என்ற பெல்ஜிய மார்க்சியப் பொருளாதார அறிஞரை 1969-இல் ஸ்டான்ஃபோர்டு முதலிய பல்கலைக்கழகங்கள் பேச அழைத்தன. கொள்கையைக் காட்டி விசா மறுத்தார்கள். அழைத்த அமெரிக்கப் பேராசிரியர்களே வழக்குப் போட்டார்கள்: அவர் பேச்சைக் கேட்பது எங்கள் உரிமை என்று. 1972-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் அரசின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அரசு மேலுக்கு ஒரு காரணம் காட்டினால் போதும், அதற்குப் பின்னால் துருவிப் பார்க்க மாட்டோம் என்றது. 2024 ஜூனில் வேறொரு விசா வழக்கிலும் அந்த நீதிமன்றம் தூதரக அதிகாரியின் முடிவில் தலையிட மறுத்துவிட்டது. ஜன்னலுக்கு மேல் கோர்ட் இல்லை.

சின்னவர்களுக்குத்தான் இந்த நிலை என்று நினைத்துவிடாதீர்கள். 1998-இல் பொக்ரான் சோதனை முடிந்தபின், அணுசக்திக் கமிஷன் தலைவராக இருந்த ஆர். சிதம்பரம் படிகவியல் மாநாட்டுக்குப் போகக் கேட்ட விசாவை அமெரிக்கா மறுத்தது. 2006 பிப்ரவரியில் இதே சென்னைத் தூதரகத்தில் நடந்தது இன்னும் கேவலம். கோவர்தன் மேத்தா, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்தவர். அப்போது சர்வதேச விஞ்ஞானக் கவுன்சிலின் தலைவர். ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் அழைத்திருந்தது. அவருடைய வேதியியல் ஆராய்ச்சி ரசாயன ஆயுதத்துக்குப் பயன்படக்கூடும் என்ற தோரணையில் கேள்வி கேட்டு, விவரங்களை மறைக்கிறார் என்று சந்தேகித்து, விசா தராமல் அனுப்பினார்கள். ஜனாதிபதி புஷ் இந்தியா வர ஒரு சில வாரமே இருந்தது. பத்திரிகைகள் எழுதின, விஞ்ஞானிகள் கண்டித்தார்கள். அமெரிக்கத் தூதரகம் வருத்தம் தெரிவித்து விசா தர முன்வந்தது. அவர் போகவில்லை. உலக விஞ்ஞானக் கவுன்சிலின் தலைவருக்கு வருத்தம் தெரிவிக்க ஆள் இருந்தது. வலியசாலைப் பெண்ணுக்கு யார் வருத்தம் தெரிவிப்பார்கள்?

'போனவன் திரும்ப மாட்டான்' என்ற அனுமானத்துக்கு நம் திருவனந்தபுரமே பதில் சொல்லும். ராமேஸ்வரத்திலிருந்து வந்த அப்துல் கலாம், தும்பாவில் 1963 நவம்பர் 21-ஆம் தேதி முதல் ராக்கெட் மேலே போவதற்கு முன் நாசாவில் பயிற்சி பெற்றார். திரும்பினார், இந்த ஊரில் ஏறக்குறைய 20 ஆண்டு இருந்து வேலை செய்தார். வடசேரிக்காரரான வ. அய். சுப்பிரமணியம் இந்தியானா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். திரும்பி வந்து கேரளப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறையைக் கட்டினார். 1981-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். நாகர்கோவில்காரரான நம்பி நாராயணன் 1969-இல் பிரின்ஸ்டனுக்குப் போய் ராக்கெட் இயக்கவியல் படித்தார். அவரும் திரும்பினார். திரும்பி வந்து 24 ஆண்டு கழித்து, 1994 நவம்பரில் அவரை ஒற்றன் என்று கைது செய்தது அமெரிக்கப் போலீஸ் அல்ல, கேரளப் போலீஸ். சி.பி.ஐ. 1996-இல் வழக்கில் சாரமில்லை என்றது, 1998-இல் உச்சநீதிமன்றமும் அவர் பக்கம் நின்றது. 2018-இல் 50 லட்சம் நஷ்டஈடு என்று தீர்ப்பாகிற வரை அந்த மனிதர் பட்டது கொஞ்சமல்ல. வருகிறவனைச் சந்தேகிக்கும் வியாதி ஒரு நாட்டுக்கு மட்டும் சொந்தமல்ல. இதற்குப் பிறகு வருகிறேன்.

திரும்பாதவர்களும் உண்டு, ஏராளம் உண்டு. மறைக்கவில்லை. ஆனால் அதற்குத் தனிப் பூட்டு அவர்கள் சட்டத்திலேயே இருக்கிறது. அரசுப் பணத்தில் போனவர்களும், 'திறமைப் பட்டியல்' என்ற ஒன்றில் இருந்த துறைக்காரர்களும் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருந்த பின்புதான் அங்கே குடியேற்ற விசாவோ வேலை விசாவோ கேட்க முடியும். 2024 டிசம்பர் 9-ஆம் தேதி அந்தப் பட்டியலிலிருந்து இந்தியாவை எடுத்துவிட்டார்கள். அப்படியானால் இந்தியாவின் மூளை போய்விடுமே என்ற கவலை அவர்களுக்கு இல்லை. வந்தவன் தங்கினால் பரவாயில்லை என்று உள்ளே பூட்டைத் தளர்த்திவிட்டு, தங்கிவிடுவாய் என்று சொல்லி வாசலில் விரட்டுகிறார்கள். இதில் எது கொள்கை?

இப்போது புதிதாக ஒன்று. டி.எஸ். 160 மனுவில் ஐந்து ஆண்டு சமூக ஊடகக் கணக்குகளை எழுதச் சொல்வது 2019-இலேயே வந்துவிட்டது. 2025 மே இறுதியில் மாணவர், பரிமாற்ற விசாக்களுக்குப் புதிய நேர்காணல் தேதி கொடுப்பதை நிறுத்தினார்கள். ஜூனில் திறந்தபோது, மனுதாரர் தம் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்றார்கள். நம் சங்கக் கூட்டத்தில் எடுத்த படம், காசாவுக்காகப் பாளையத்தில் மெழுகுவர்த்தி பிடித்த படம், பாலஸ்தீனக் கவிதைக்குப் போட்ட ஒரு விருப்பக்குறி, எல்லாம் இனி ஜன்னலுக்குத் தெரியும். விளைவு என்ன தெரியுமா? "மாமா, சங்கப் படத்திலிருந்து என்னை எடுத்துவிடுங்கள்" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. 22 வயதில் எனக்கு அந்த வாய்ப்பு வந்திருந்தால் நானும் கேட்டிருப்பேனோ என்னவோ. கோபம், ஒரு பெண்ணை அவள் நிழலைக் கண்டே பயப்பட வைக்கிற ஏற்பாட்டின் மேல்.

பயம் வீண் பயமும் அல்ல. பதர் கான் சூரி என்ற இந்திய ஆய்வாளர் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் இதே ஜே-1 விசாவில் இருந்தவர். 2025 மார்ச் 17 இரவு வர்ஜீனியாவில் அவருடைய வீட்டு வாசலில் முகமூடி போட்டவர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். லூயிசியானா, டெக்சாஸ் என்று அலைக்கழித்தார்கள். மே 14-ஆம் தேதி ஒரு பெண் நீதிபதி விடுவிக்கச் சொன்ன பிறகுதான் வெளியே வந்தார். உள்ளே போய்விட்டவனுக்காவது கோர்ட் உண்டு என்பது ஓர் ஆறுதல். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நிற்பவளுக்கு அதுவும் இல்லை.

"அது அவர்கள் வீடு. யாரை உள்ளே விடுவது என்பது அவர்கள் இஷ்டம்" என்று ஒரு வாதம் உண்டு. சரி, இஷ்டம்தான். ஆனால் பரிமாற்றம் என்று பெயர் வைத்து, பரஸ்பரம் என்று சட்டம் போட்டு, அழைப்பும் அனுப்பி, பணமும் வாங்கிய பிறகு அது வெறும் இஷ்டம் அல்ல. பணம் வாங்கினால் ரசீது கொடுக்க வேண்டும். இல்லை என்றால் ஏன் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நான் கேட்பது எல்லாருக்கும் விசா அல்ல. எழுத்தில் காரணம். அதைப் பார்க்க ஒரு மேலதிகாரி. இவ்வளவுதான்.

இதைக் கேட்க டெல்லிக்கு வாய் இருக்கிறதா என்பதுதான் பிரச்சினை. 2022 மார்ச் 24-ஆம் தேதி நம் ஊர் விமான நிலையத்தில் என்ன நடந்தது? பிலிப்போ ஓசெல்லா, இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்து மானிடவியல் பேராசிரியர். கேரளத்தைப் பற்றி முப்பது ஆண்டுக்கு மேல் ஆராய்ச்சி செய்தவர். மீனவர் வாழ்வு பற்றிய கருத்தரங்குக்கு வந்தார். கையில் செல்லுபடியாகும் விசா. இறங்கியதும் தடுத்து, வந்த வழியே துபாய்க்கு ஏற்றி அனுப்பினார்கள். ஏன் என்று கேட்டதற்கு அவரிடம் பதில் சொல்லவில்லை. 2024 பிப்ரவரியில் கர்நாடக அரசே அழைத்த நிதாஷா கௌல் பெங்களூர் விமான நிலையத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார். 2025 அக்டோபரில் ஹிந்தி இலக்கியத்துக்கு வாழ்நாளைக் கொடுத்த பிரான்செஸ்கா ஒர்சினிக்கு டெல்லியில் அதே மரியாதை. விழிஞ்ஞத்து மீனவர்களைப் பற்றிப் பேச வந்தவனை விமானத்தை விட்டு இறங்கவிடாத அரசு, நம் பெண்ணுக்காக வாஷிங்டனிடம் எந்த முகத்தோடு காரணம் கேட்கும்? இரண்டு சர்க்காரும் ஒரே தொழிலைச் செய்துகொண்டு ஒன்றையொன்று கேள்வி கேட்காமல் இருக்கின்றன. உண்மையான பரஸ்பரம் அதுதான் போலும்!

"வெள்ளைக்காரனிடம் ஏன் போக வேண்டும், இங்கேயே இருந்து தொண்டு செய்யட்டும்" என்று சொல்லும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நம் அப்பன் திருநெல்வேலியிலேயே இருந்து தொண்டு செய்யாமல் ஏன் இங்கே வந்தான்? புலம்பெயர்ந்தோர் சங்கத்தில் உட்கார்ந்துகொண்டு புலம்பெயராதே என்று புத்தி சொல்லக் கூடாது. பரிமாற்ற விசாவில் போகிறவர்களும் உழைப்பாளிகள்தான். 2011 ஆகஸ்டில் பென்சில்வேனியாவில் ஹெர்ஷி சாக்லேட் கட்டும் கிடங்கில் வெளிநாட்டு மாணவர்கள் நூற்றுக்கணக்கில் வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள். கலாச்சாரப் பரிமாற்றம் என்று பணம் கட்டி வந்தவர்களைப் பெட்டி தூக்கவிட்டிருந்தார்கள். அவர்கள் விசாவும் ஜே-1தான்.

ஆகவே நம் கோரிக்கைகளை உரிய இடங்களுக்கு மனுவாகக் கொடுக்க வேண்டும். கேரளப் பல்கலைக்கழகம் காரியவட்டத்தில் விசா உதவிக்கு ஓர் ஊழியரை நியமிக்க வேண்டும். வட்டியில்லாக் கடனாக 405 டாலரைத் தர ஒரு நிதி வைக்க வேண்டும். தைக்காட்டில் இருக்கும் நோர்க்கா அலுவலகம், கேரளத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அதே கவனத்தோடு வழிகாட்ட வேண்டும். கைரேகை நிலையம் ஒன்றைக் கேரளத்தில் கேட்க வேண்டும். கேட்பது மாநில அரசு. வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒரே வரி போதும்: அழைக்கப்பட்ட அறிஞருக்கு விசா மறுத்தால் எழுத்தில் காரணம், இரு நாட்டிலும்.

மனுவுக்குப் பதில் வருகிற வரை பிள்ளைகள் காத்திருக்க முடியாது. அதனால் சில விஷயங்கள். ஆறு மாதமோ அதற்குக் குறைவோ போகிறவர்கள், டி.எஸ். 2019 படிவத்தில் தங்களை எந்த வகையில் போட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். 'ஆராய்ச்சி அறிஞர்' என்று போட்டால், மூன்றே மாதத்தில் வேலை முடிந்து திரும்பினாலும் அடுத்த 24 மாதம் அதே வகையில் போக முடியாது. 'குறுகிய கால அறிஞர்' என்றால் அந்தத் தடை இல்லை; ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் நீட்டிக்கவும் முடியாது. எது தேவை என்று அழைத்த பேராசிரியரிடம் படிவம் போடும் முன்பே பேசிவிடுங்கள், பிறகு மாற்றுவது கஷ்டம். இன்ஷூரன்ஸ் கட்டாயம்: ஒரு நோய்க்கோ விபத்துக்கோ 1,00,000 டாலர், சிகிச்சைக்கு நாடு கொண்டுவர 50,000, இறந்தால் சடலத்தைத் திருப்பி அனுப்ப 25,000. உயிரோடு திரும்புவேன் என்பதை நம்பாதவர்கள், பிணமாகத் திரும்புவதற்கு மட்டும் முன்பணம் கேட்கிறார்கள். ஆனால் எடுத்துத்தான் ஆக வேண்டும். மலிவாக இருக்கிறதே என்று இந்தத் தொகைகள் இல்லாத பாலிசியை இங்கே வாங்கிவிட்டு அங்கே போய் இரண்டாவது முறை வாங்காதீர்கள். படிப்பு ராக்கெட், அணு, ரசாயனம் என்று இருந்தால் 221(ஜி) என்ற தாள் கையில் வரலாம். அது மறுப்பு என்று பதிவானாலும் முடிவல்ல, கூடுதல் பரிசீலனை. வாரங்கள் போகும். ஆராய்ச்சியை ஒரே பக்கத்தில், பாமரனுக்கும் புரியும்படி, எழுதி வைத்துக்கொண்டு போனவர்கள் சிரமம் குறையப் பார்த்திருக்கிறேன். டிக்கெட்டை விசா கைக்கு வந்தபின் எடுங்கள். இதை ரயில்வேக்காரன் சொல்கிறேன்.

நேர்காணலில் பிரிவு எண் போட்ட தாள் வாங்கி வந்தவர்கள் அதைக் கிழித்துப் போட்டுவிடாமல், பெயரை மறைத்து ஒரு நகல் சங்கத்துக்குத் தாருங்கள். மனுவோடு சேர்க்கக் கட்டுக்கட்டாக வேண்டும். ஞாயிறு மாலைகளில் நான் சங்க அறையில் இருக்கிறேன். மனுப் போடப் போகிறவர்கள் பாஸ்போர்ட்டும் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமும் கொண்டு வாருங்கள். பெயர்க் கட்டத்திலிருந்து ஆரம்பிப்போம்.